ஒரே பார்வையில் சேவல்

பார்த்ததுமே சொல்லிவிடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மோட்டார் ஏன் இரைகிறது, குழந்தை ஏன் அழுகிறது, மாடிச் சுவரில் ஏன் ஈரம் என்று எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பது அதற்கப்புறம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர் என் மனைவியின் தம்பி.

போன வருடம் அவள் கொல்லையில் ஆறு கோழிக்குஞ்சு வளர்த்தாள். சேவல் என்று தெரிந்தால் கொடுத்துவிடுவதாகப் பக்கத்து வீட்டு நர்சம்மாவிடம் வாக்கு. இரவு வேலை முடித்து விடிகாலையில் படுக்கிறவர், தலைமாட்டில் சேவல் கூவினால் என்ன செய்வார்? ஆனால் எது சேவல்? கொண்டை சிவக்கட்டும், கழுத்து இறகு கூராக வருகிறதா என்று பார்க்கலாம், கொஞ்சம் பொறு என்றாள் தம்பியிடம். அவர் பொறுக்கிற ஆளா? கூண்டுக்கு முன் குந்தினார், நடையைப் பார்த்தார், ஒன்றைத் தலைகீழாகத் தூக்கியும் பார்த்தார்.

"இந்த மூணும் சேவல்க்கா. முழிய பாத்தாலே தெரியுது."

மூன்றில் ஒன்று, அவள் மடியில் ஏறித் தூங்கும் சாம்பல் நிறக் குஞ்சு. அது மட்டும் இருக்கட்டுமே என்று இழுத்தாள். பாசம் கண்ணை மறைக்கிறது என்று அவளுக்கும் ஒரு தீர்ப்புக் கிடைத்தது. மூன்றும் தெருமுனைத் தையல்காரர் வீட்டுக்குப் போயின. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

சில மாதங்களில் எங்கள் 'பெட்டைகள்' ஒவ்வொன்றாகக் கூவத் தொடங்கின. முதலாவது கூவியபோது, அதற்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று போனில் சொன்னார் மச்சினன். அதே வாரம் தையல்காரர் ஒரு கிண்ணம் நிறைய முட்டையோடு வந்து, நீங்கள் கொடுத்த சேவல்கள் போட்டது என்று சிரிக்காமல் நீட்டினார்.

அவள் கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு அவர் வீட்டுக்கே நடந்தாள். தையல் மிஷினுக்கு அடியில், வெட்டுத் துணிக் குவியலில் படுத்திருந்த சாம்பல் கோழி, இவள் குரல் கேட்டதும் எழுந்து வந்து காலடியில் நின்றது. பின்னாலேயே வந்த தையல்காரர் மறுப்பே சொல்லவில்லை.

"எடுத்துட்டுப் போங்கம்மா. பதிலுக்குச் சேவல் மட்டும் குடுத்துடாதீங்க."

சேவல்கள் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக்குப் போயின. நர்சம்மா தூங்கினார். மச்சினனிடம் விவரம் சொன்னேன். ஆம்லெட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் அசரவே இல்லை.

"நான் பாத்தப்ப அது சேவலாத்தான் இருந்துச்சு மாமா. வளர்ப்புல எங்கயோ மாறியிருக்கு."

இனி உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். முதல் பத்தியைப் படித்ததுமே, அட, இது நம்ம ஆள்தான் என்று ஒரு முகம் உங்கள் நினைவில் வந்து நின்றிருக்குமே? அத்தனை சீக்கிரமாக எப்படி ஐயா கண்டுபிடித்தீர்கள்?