தலைவர் வீட்டு வைக்கோல் பூ

"தலைவரே, இது பேப்பர் பூ!"

தையல்காரம்மா பூவை விரலால் சுண்டினாள். சரசரவென்றது. தலைவர் வீட்டுத் தோட்டத்தைப் பார்வையிட வந்திருந்த குடியிருப்போர் சங்கம் மொத்தமும் திரும்பித் தலைவரைப் பார்த்தது.

செயற்கைப் பூ வைத்தவருக்குச் சங்கத்தில் பதவி கிடையாது என்று விதி போட்டவரே அவர்தான். ஜன்னல் தொட்டியில் பிளாஸ்டிக் ரோஜா வைத்த குற்றத்துக்காகத் தையல்காரம்மாவைப் பொருளாளர் பதவியிலிருந்து கழற்றிவிட்டவரும் அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அவரைத் 'தலைவரே' என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது இந்தச் சங்கம் மட்டுமே.

"இது வைக்கோல் பூம்மா. உயிரோட இருக்கறப்பவே இதழ் மொறமொறன்னுதான் இருக்கும். வெயில் போதும், கவனிப்பே வேணாம். நல்ல நிர்வாகம்னாலே..."

"நிர்வாகம் கெடக்கட்டும். உயிர் இருக்குன்னு நிரூபிங்க."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விட்டுத் தொலைங்க. பதவிதானே, போனா போகுது."

கட்டின மனைவிக்கே நம்பிக்கையில்லை! தலைவர் ரோஷத்தோடு பூவாளியைத் தூக்கினார். "பேப்பரா இருந்தா ஊறிக் கிழியும். பாருங்க!"

கிழியவில்லை. ஆனால் சற்று நேரத்தில் பூக்கள் ஒவ்வொன்றாகக் குடை மடக்குவதுபோல் மூடிக்கொண்டன.

"நனைஞ்ச பேப்பர் சுருங்குது" என்றாள் தையல்காரம்மா.

செயலாளர் மெல்ல நகர்ந்து, தலைவருக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது.

"வெயில் பட்டா தானா விரியும்!" என்று தலைவர் அண்ணாந்தார். காலையிலிருந்து மண்டையைப் பிளந்த வெயில், பருத்த மேகம் ஒன்றின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏய், ஹேர் டிரையரைக் கொண்டா!"

"அது ரிப்பேருங்க."

"காலையிலதானே தலை காய வச்சே?"

வேண்டாவெறுப்பாகக் கொண்டுவந்தாள். அவசரத்தில் உச்ச சூட்டில் வைத்து ஊதினார். முதல் பூ கருகி நாறியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. சூட்டைக் குறைத்து அடுத்த பூவுக்குக் காட்டினார். ஊதிக்கொண்டே நின்றார். கை மரத்துப்போன சமயத்தில் ஓர் இதழ் அசைந்தது. பிறகு இன்னொன்று. பூ முழுதாக விரிந்தது.

"உயிர் இருக்குப்பா!" என்று யாரோ கத்த, கைதட்டல் எழுந்தது. செயலாளர் நாற்காலியைத் துடைப்பதுபோல் எழுந்து நின்றார்.

தையல்காரம்மா கை கூப்பினாள். "மன்னிச்சிருங்க தலைவரே. ஒரு செடியை வேரோட குடுங்க. பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டு இதையே வச்சிக்கறேன்."

"ஒண்ணு என்னம்மா, நாலா எடுத்துக்குங்க. எல்லார் முன்னாடியும் நானே பிடுங்கித் தர்றேன்!"

தலைவர் குனிந்தார். அந்தத் தோட்டத்துக்காக அவர் குனிவது அதுவே முதல் தடவை.

மனைவி பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக் காதோடு சொன்னாள்:

"பிடுங்காதீங்க, வேர் கிடையாது. இந்தப் பூ செத்தப்புறமும் மூடித் திறக்கும்; உங்க செடியெல்லாம் கோடையிலயே பட்டுப்போச்சு, காய்ஞ்ச பூவை நான்தான் கம்பியில குத்தி களைக்கு நடுவுல நட்டு வச்சிருக்கேன்."