தொட்டிலுக்கு ஓர் எதிர் எடை

கப்பலில் இருக்கும் அத்தான் அவர்களுக்கு,

தரையிலிருந்து மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே அக்காவும் குழந்தையும் சுகம். உங்கள் வீட்டு லிஃப்ட்டும் சுகம். என் சுகத்தைப் பற்றி இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நீங்களே ஒரு முடிவுக்கு வந்துகொள்ளலாம். கடலும் கப்பல் சாப்பாடும் உங்களுக்கு ஒத்துப்போகின்றன என்று நம்புகிறேன்.

அக்கா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இருக்காது. அதுதான் எனக்குப் பயம். ஆகவே என் கட்சியையும் கேட்டுவிடுங்கள். கப்பலேறும் அன்று என் தோளைத் தட்டி, "மாப்ள, உனக்கு ஒரே ஒரு வேலைதான். ஆஸ்பத்திரியிலிருந்து அவளையும் குழந்தையையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு. மத்ததைக் கடவுள் பாத்துப்பார்" என்றீர்கள். கடவுள் அவர் பங்கை ஒழுங்காகச் செய்துவிட்டார். கோட்டை விட்டவன் நான்தான்.

ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை சாயங்காலம் அனுப்புவதாகச் சொன்னார்கள். அதே சனிக்கிழமை பெரிய அரங்கத்தில் காமிக்ஸ் விழா. காமிக்ஸ் ஓவியர்கள் கையால் வரைந்த அசல் படங்களை நான் சேர்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் நான் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டியில் கால் இடித்துக்கொண்டு நீங்கள் சொன்ன வார்த்தைகளை நானும் மறக்கவில்லை. புத்தகத்தில் பார்ப்பது சுருங்கிய படம், அத்தான். அசல் பக்கம் பெரியது. மைக்கோட்டுக்கு அடியில் நீலப் பென்சில் கோடு மங்கலாகத் தெரியும், தப்பாகப் போட்ட மூக்கின்மேல் வெள்ளை பூசியிருக்கும், ஓரத்தில் ஒரு டீக்கறை இருக்கும். யாரோ ஒரு மனிதர் முதுகு நோக உட்கார்ந்து வேலை பார்த்தார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இந்த ஊரில் இத்தனை கட்டடம் இருக்கிறதே, எதிலாவது கட்டினவனின் பென்சில் கோடு தெரிகிறதா?

அன்றைய விழாவுக்கு வந்தவர் நான் வருடக்கணக்காகக் காத்திருந்த ஓவியர் அம்மா. அவர் அசல் பக்கங்களை விற்பதில்லை. வரிசையில் நிற்பவர்களுக்கு ஆளுக்கொரு படம் வரைந்து தருவார். அவருடைய காமிக்ஸில் வசனமே கிடையாது. ஓர் ஊர், மேகத்திலிருந்து கயிறு கட்டித் தொங்குகிறது. அங்கே ஒரு பெண் லிஃப்ட்டில் ஏறுகிறாள், அது எந்த மாடியிலும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு மாடியில் நாற்காலிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்குகின்றன, ஒரு மாடியில் மழை மட்டும் இருக்கிறது, ஒரு மாடியில் யாரோ அவளுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே தூங்கிவிட்டார்கள். நான் அதை முதன்முதலில் படித்தது ஒரு லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு. மூடி வைத்தபோது நான் எந்த மாடியில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. ஆனால் லிஃப்ட் மெக்கானிக்கின் தொழில் புத்தி சும்மா இருக்குமா? லிஃப்ட் கயிற்றின் ஒரு முனையில் பெட்டி இருந்தால் மறுமுனையில் எதிர் எடை இருக்கவேண்டும். இரும்புப் பாளங்களை அடுக்கிய சட்டம் அது. பெட்டி மேலே போகும்போது அது கீழே இறங்கும். சுவருக்குள் கிடப்பதால் யார் கண்ணிலும் படாது. அந்த அம்மா வரைந்த லிஃப்ட்டுக்கு எதிர் எடையே இல்லை. அப்புறம் எப்படி அது மேலே போகிறது? இதைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் இல்லை, அத்தான். நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

காலையில் வேலை, மதியம் விழா, சாயங்காலம் ஆஸ்பத்திரி என்று கணக்குப் போட்டேன். உடுப்பு மாற்ற நேரமில்லாததால் வேலை உடுப்போடு, ஹெல்மெட், இடுப்புவார், கொக்கி, ஸ்பானர் பை சகிதம் அரங்கத்துக்குப் போனேன். அங்கேதான் சனி பிடித்தது. வாசலில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாவ், எந்தக் கதையில வர்ற ஆளு நீங்க?" என்றாள். "சர்வீஸ்லேர்ந்து வர்றேன்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே வேடப் போட்டிக்காரர்களுக்கான சிவப்புப் பட்டையை என் மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். அந்தக் கட்டடத்தில் மாதாமாதம் வேலை பார்க்கிறவன் நான். பின்வாசல் வழியாகத்தான் விடுவார்கள். வராந்தாவில் எதிரே வருகிறவர்கள் என்னைத் தாண்டி என் பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கு முன்வாசல், அத்தான்! ஆளாளுக்குத் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். வேடப் போட்டி நடுவர் ஒருவர் என் சட்டைக் கிரீஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அழுக்கு ரொம்பத் தத்ரூபம். எத்தனை நாள் உழைச்சீங்க?" என்றார். "ஏழு வருஷமா சார்" என்றேன். அதையும் நகைச்சுவை என்று குறித்துக்கொண்டார்.

வரிசையில் எனக்கு முன்னால் முழங்கால்வரை தொங்கும் காகித இறக்கை கட்டின ஒருவர் நின்றார். மற்ற நாளில் மெத்தை டெலிவரி வண்டி ஓட்டுகிறவராம். நல்ல மனிதர், திரும்பும்போதெல்லாம் இறக்கையால் என் முகத்தைத் துடைத்துவிடுவார். வரிசை நகரவே இல்லை. கூடுதல் காசுக்குத் தங்க அட்டை வாங்கினவர்களுக்குத் தனி வழி. அவர்கள் வர வர எங்களை ஓரம் கட்டினார்கள். மேகத்தில் தொங்குகிற ஊரைப் பார்க்கக்கூட இங்கே மேல்வகுப்பு, கீழ்வகுப்பு. நான் சத்தம் போட்டேன். வேடத்துக்கேற்ற வசனம் என்று நினைத்துச் சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அதற்குள், "அம்மா சாப்பிடப் போறாங்க, இன்னிக்கு இவ்வளவுதான்" என்று மேசையை மூடிவிட்டார்கள். அந்த அம்மா எழுந்து லிஃப்ட் பக்கம் நடந்தார். ஒரே ஒரு கேள்விதானே என்று நானும் ஓடினேன், பின்னாலேயே இறக்கைக்காரரும் ஓடிவந்தார். மூன்று பேரும் உள்ளே. கதவு மூடியது. இறக்கையின் ஒரு நுனி மட்டும் வெளியே. காகிதம் மெலிசு, கதவுக்கு அது தெரியவில்லை. பெட்டி கிளம்பியது, நுனி வெளிக்கதவுப் பூட்டில் சிக்கி இழுத்தது, பூட்டு லேசாக விலகினால் லிஃப்ட் நிற்கவேண்டும் என்பது விதி, நின்றுவிட்டது. விதியை மதிக்கிற லிஃப்ட். நான் வளர்த்தது அப்படி. மெலிசான பொருளையும் கண்டுகொள்கிற புதுக் கதவு வேண்டும் என்று நான் எழுதிக்கேட்ட காகிதம் மட்டும் கம்பெனியில் எந்த மேசையிலோ தூங்கிக்கொண்டிருந்தது.

அபாய மணியை அழுத்தினேன். சற்று நேரத்தில் என் போன் அடித்தது. எங்கள் சூப்பர்வைசர்.

"அரங்கத்து லிஃப்ட் நின்னுபோச்சாம். உடனே ஓடு. எங்க இருக்க?"

"அரங்கத்துலதான் சார்."

"அட, சமத்து! லிஃப்ட்டுக்கு எவ்வளவு தூரத்துல?"

"உள்ள சார்."

"உள்ளன்னா?"

"மாட்டிக்கிட்ட மூணு பேர்ல நானும் ஒருத்தன் சார்."

உள்ளே இருப்பவன் எப்பேர்ப்பட்ட மெக்கானிக்காக இருந்தாலும் வெளியே இருந்துதான் திறக்கவேண்டும். வெளியே வேறு ஆள் இல்லை. ஆட்களைக் குறைத்துக் குறைத்து இந்தப் பக்கத்துக்கு நான் ஒருவன்தான் என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். ஊரின் மறுகோடியிலிருந்து இன்னொருவன் வரவேண்டும். அடுத்து அக்கா கூப்பிட்டாள்.

"எங்கடா இருக்க? பிள்ளையைத் துணியில சுத்தி மடியில வெச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்கா."

"மீன் தண்ணியில முங்கிடுச்சுங்கிற மாதிரி இருக்கு. வேலையா போனியா, ஊர் சுத்தவா?"

"வேலை உடுப்புலதான்கா இருக்கேன்" என்றேன். அந்த நேரம் பார்த்து இறக்கைக்காரர், "ஐயோ, என் றெக்கை!" என்று அலறினார். "யாருக்குடா றெக்கை?" என்று அக்கா கேட்டதோடு போன் செத்துவிட்டது.

பெட்டியில் அவசர விளக்கு மட்டும் எரிந்தது, குளத்துக்கு அடியில் இருந்து பார்க்கிற நிலா மாதிரி. அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அத்தான். லிஃப்ட் நின்றால் நேரமும் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. அரங்கத்தின் சத்தம் எங்கோ கீழே, வேறு யாருடைய கனவிலோ போல் கேட்டது. இறக்கைக்காரர் கிழிந்த இறக்கையைப் போர்த்திக்கொண்டு மூலையில் தூங்கியே போனார். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் கேட்டுவிட்டேன். "அம்மா, உங்க லிஃப்ட்டுக்கு எதிர் எடை எங்க?"

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். என்னைத்தான், பின்னால் இருந்த சுவரை அல்ல. "வரைஞ்சு பார்த்தேன்பா. அது ஏறணும்னா இது இறங்கணும். யாரை இறக்கிவிடறதுன்னு தெரியல. அதான் விட்டுட்டேன்" என்றார். பிறகு, "உனக்கு என்ன வேணும்? காகிதமெல்லாம் மேசையில விட்டுட்டு வந்துட்டேன், மார்க்கர்தான் இருக்கு" என்றார். அந்த லிஃப்ட் பெண்ணைத்தான் கேட்கவேண்டும் என்று எத்தனையோ நாள் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாய் என்னவோ, "ஒரு தொட்டில்" என்றது. இன்னும் பார்க்காத குழந்தை, அதை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அக்கா, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கதவின் உட்பக்கத்து எஃகுத் தகட்டிலேயே வரைய ஆரம்பித்தார். இடது கதவில் மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு தொட்டில், அதிலிருந்து கயிறு மேலே ஒரு சக்கரத்தில் ஏறி வலது கதவுக்குப் போய் இறங்குகிறது. அந்த முனையில் ஹெல்மெட்டும் ஸ்பானர் பையுமாக நான், இரும்புப் பாளத்தின்மேல் உட்கார்ந்து வாயைத் திறந்து தூங்கியபடி கீழே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறேன். "இறங்க ஆள் கிடைச்சாச்சு. முகத்தைப் பாரு, எவ்வளவு சந்தோஷமா இறங்குது" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

அப்போது கீழே ஒலிபெருக்கியில், சிறந்த வேடத்துக்கான பரிசு லிஃப்ட் மெக்கானிக்குக்கு, எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்றார்கள். வர வழி இருந்தால்தானே! என் படத்தை விழாப் பக்கத்திலும் போட்டுவிட்டார்கள். அதை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் போனில் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் இருந்த அக்காவுக்கும் காட்டியிருக்கிறாள். மீதி உங்களுக்குத் தெரியும். அக்கா தனியாக டாக்ஸி பிடித்து, குழந்தையோடு வீட்டு வாசலில் இறங்கி, நான் சரிசெய்து வைத்திருந்த லிஃப்ட்டில் ஏறிப் போயிருக்கிறாள். "உன்னைவிட உன் லிஃப்ட் மேல்டா. கூப்பிட்டா வருது" என்றாள் கதவைத் திறக்காமலே. என் படப் பெட்டிகளெல்லாம் வராந்தாவில் இருந்தன. அந்தக் குப்பையைத் தலைமுழுகாமல் இந்தப் பக்கம் வராதே என்றாள். உள்ளே குழந்தை தும்மியது. நான் கேட்ட முதல் தும்மல் அது, அத்தான், கதவுக்கு வெளியே இருந்து.

அரங்கத்தில் எங்களை மீட்டபோது ஒன்று நடந்தது. கதவு நடுவில் பிளந்து திறந்ததும் தொட்டில் இடது பக்கம் போயிற்று, நான் வலது பக்கம் போனேன். மறுபடி மூடியபோது உள்ளே நின்ற அரங்கத்து மேலாளர் பார்த்துவிட்டு, "யாரோட கிறுக்கல் இது? மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்லு" என்றார். மெக்கானிக் நான்தானே. தின்னர் வாங்கித் துடைத்துவிட்டேன். பெட்டிகளையும் யாருக்கோ கொடுத்துவிட்டேன். இனி காமிக்ஸ் இல்லை, விழா இல்லை, வரிசை இல்லை. புத்தி வந்துவிட்டது. இப்போது ஒரு கட்டடத்தின் உச்சியில் இருக்கிற லிஃப்ட் மெஷின் அறையில் பாய் விரித்திருக்கிறேன். தலைமாட்டில் சக்கரம் சுற்றுகிறது, முகம் தெரியாத யார் யாரோ ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். அரைத்தூக்கத்தில் எல்லாமே தொட்டிலாகத் தெரிகிறது.

ஆகவே அத்தான், நீங்கள் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வீட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. குழந்தையை ஒருமுறை பார்க்க விட்டால் போதும். தூக்கக்கூட வேண்டாம், வாசற்படியில் நின்று பார்க்கிறேன்.

உங்கள் கப்பலுக்கு அலை அமைதியாக இருக்கட்டும், உங்களுக்குத் தூக்கம் ஆழமாக வரட்டும். கப்பலில் பெரியவர்களுக்கு வணக்கம், சமையற்கட்டு நண்பர்களுக்கு என் விசாரிப்பு.

திருந்திய மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சில திருத்தங்கள். கதவை நான் துடைக்கவில்லை. லிஃப்ட் நின்றது மேலிடம்வரை போனதால் தூங்கிக்கொண்டிருந்த காகிதம் விழித்துவிட்டது. புதுக் கதவு வந்தது, பழையது இரும்புக் கழிவு என்று என் தலையில் கட்டினார்கள். பெட்டிகளும் எங்கேயும் போகவில்லை, பாய்க்கு அடியில் இருக்கின்றன. இறக்கைக்காரரிடம், கதவை உங்கள் வீட்டில் சேர்த்துவிடுங்கள், கேட்டால் அலமாரிக் கதவு என்று சொல்லுங்கள் என்றேன். வண்டியில் இரண்டு மெத்தைக்கு நடுவே ஒரு கதவுக்குத்தான் இடம் இருந்தது. இடதை மட்டும் கொண்டுபோனார். சற்றுமுன் அக்கா போன் செய்தாள்.

"அலமாரிக் கதவுன்னு ஒண்ணு வந்திருக்கு. தொட்டில் போட்டிருக்கு. பாப்பா அதையே பார்த்துட்டுக் கிடக்கா, அழமாட்டேங்கிறா. கயிறு ஓரத்தோட போயிடுதே, அந்தப் பக்கம் யாருடா தொங்குறது?"

"நான்தான்கா."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பாதியையும் தூக்கிட்டுச் சீக்கிரம் வா. கயிறு அந்தரத்துல நிக்குது" என்றாள்.

கிளம்புகிறேன், அத்தான். மேலே எழுதியதில் உங்கள் சுகம் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கடலில் போட்டுவிடவும்.