நானூற்றுப் பதினேழாம் நம்பர் சாமி

ஐம்பத்தெட்டு வயது ஆள் தொலைந்து போவது நடக்காத காரியம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெகு சுலபமாக நடக்கும். பட்டப்பகலில், நேரான நெடுஞ்சாலையில், இடுப்பில் 417 என்று நம்பர் கட்டிக்கொண்டு நான் தொலைந்திருக்கிறேன்.

வட்டக்கானலில் நாலு அறை வைத்து விடுதி நடத்துகிறேன். நான் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிப் படியேறுவதைப் பார்த்த ஒரு பெங்களூர்க்காரர், "சார், நீங்க டிரையத்லான் பண்ணணும்" என்றார். (தங்க வந்தவர் சொன்னால் விடுதிக்காரன் மறுக்கக்கூடாது. தொழில் தர்மம்.) நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் போட்டி அது. நான் சேர்ந்ததோ நீண்ட தூரப் பிரிவு. அய்யம்பாளையம் பக்கம் அணையில் இரண்டு கிலோமீட்டர் நீந்தி, தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து ஒட்டன்சத்திரம் வந்து, அங்கிருந்து இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடக்கம். மாலை மூன்றுக்குள் முடிக்க வேண்டும்.

என் மனைவி மரகதத்துக்கு இதில் துளியும் சம்மதமில்லை. நான் பிரஷர் மாத்திரை போடுகிறவன். பயிற்சியின்போது பெருமாள்மலை இறக்கத்தில் விழுந்து முழங்கையைப் பேர்த்துக்கொண்டு வந்ததிலிருந்து, அந்தச் சைக்கிளைச் சக்களத்தியைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தாள்.

"மூணு மணிக்குள்ள முடிச்சிட்டீங்கன்னா நான் வாயைத் தெறக்கல. முடிக்கலேன்னா சைக்கிளை வித்துரணும். சரியா?"

"சரி" என்றேன். வீராப்புதான், வேறென்ன. அந்தச் சைக்கிள் என் உயிர்.

நீச்சலில் தப்பான மிதவையைச் சுற்றி, கிளம்பிய கரைக்கே முதல் ஆளாகத் திரும்பி வந்ததை விட்டுவிடுவோம். (கை தட்டினார்கள். நானும் கை ஆட்டினேன்.) எப்படியோ பகல் பன்னிரண்டுக்கு ஒட்டன்சத்திரத்தில் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு ஓட ஆரம்பித்தேன். பழனி சாலையில் பாதி தூரம் போய், பலகை வைத்த இடத்தில் திரும்பி வர வேண்டும். மரகதம் முடிவுக் கோட்டில் காத்திருந்தாள்.

போட்டியை நடத்தியவர்கள் வெளியூர்க்காரர்கள். நாள் குறித்தபோது தமிழ்க் காலண்டரைப் பார்க்கவில்லை. அது தைப்பூச வாரம். பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போகும் சாலை அது. இந்த மலையில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தவனின் ரத்தமெல்லாம் தொடையில் இருக்கும், மூளைக்கு மிச்சமிருக்காது. போதாக்குறைக்கு எங்களுக்குக் கொடுத்த பனியன் பச்சை. யாத்திரைக்காரர்களின் உடுப்பும் பச்சை. சாலை முழுக்கப் பச்சையாகப் போவதைப் பார்த்து, 'அடேயப்பா, இத்தனை போட்டியாளர்களா!' என்று மலைத்துப் போனேன்.

வழியில் ஒரு பந்தலில் மோர் கொடுத்தார்கள். அடுத்த பந்தலில் எலுமிச்சைச் சோறு. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் தண்ணீர் தருவோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு தாராளமாக இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் வந்தவர்கள் எல்லாரும் வெறுங்காலில் நடந்தார்கள். கடைசிக் கட்டத்துக்கு இது ஏதோ உத்தி போலிருக்கிறது என்று நானும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் குழுவுக்குத் தலைவர் செல்லமுத்து என்று ஒரு தென்னந்தோப்புக்காரர். அவரிடம், "எப்பங்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன்.

"மூணு நாளாச்சு சாமி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு ஒன்பது மணி நேரம், இவர்களுக்கு மூன்று நாளா? என்ன ஓரவஞ்சனை!

"எங்கருந்து?"

"அய்யம்பாளையம். நீங்க?"

"நானும் அய்யம்பாளையத்துலருந்துதான். இன்னிக்குக் காலையில ஆறு மணிக்குக் கெளம்புனேன்."

செல்லமுத்து நின்றுவிட்டார். "காலையிலயா? முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏய், எல்லாரும் வாங்கய்யா! இந்தச் சாமி ஒரே காலையில அம்புட்டுத் தூரம் வந்திருக்காரு!"

அதற்குப் பிறகு என்னை யாரும் ஓட விடவில்லை. அரோகரா என்றார்கள், நானும் அரோகரா என்றேன். (உற்சாகக் கோஷம் என்று நினைத்தேன்.) திரும்ப வேண்டிய பலகையை எப்போது தாண்டினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பந்தலில் என்னை முதல் இலையில் உட்கார வைத்தார்கள். ஒருவர் என் கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். இரண்டாம் முறை ரசம் வாங்கிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் பழனிக் கோயில் கோபுரம் கண்ணில் பட்டது. என் போட்டியில் கோபுரம் கிடையாது.

"மணி என்னங்க?"

"நாலரை சாமி. வெரசா எங்க போகணும்? நல்லாச் சாப்பிடுங்க."

சைக்கிள் போயிற்று என்று நினைத்த அதே நொடியில், போட்டிக்காரர்களின் ஜீப் ஒன்று சாலையோரம் ஊர்ந்து வந்து நின்றது. மரகதம் இறங்கினாள். முகம் வெளிறிக் கிடந்தது. இலை, ரசம், தைலம், ஷூ, நான் என்று வரிசையாகப் பார்த்தாள். வந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நான் தயங்கித் தயங்கி, "ஜீப்புல ஏறுவமா?" என்றேன்.

"அரோகரா சொல்லி நடந்தீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்பப் பாதியில திரும்பக்கூடாது. நடங்க."

"அதான தாயி" என்றார் செல்லமுத்து.

அன்று அங்கேயே தங்கி, மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். நீந்தி, மிதித்து, ஓடி முடித்த காலோடு பழனி வரை நடந்து மலைப்படியும் ஏறினேன். உலகத்தில் எந்த டிரையத்லானிலும் நான்காவதாக இப்படி ஒரு பிரிவு கிடையாது. பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் மரகதம் என்னைத் தேடிய கதையைச் சொன்னாள்.

"ஒண்ணரை மணி நேரம் தேடுனேன். ஜீப்பை மெதுவா ஓட்டச் சொல்லி, ரோட்டோரப் பள்ளத்துலயே பாத்துட்டு வந்தேன். பந்தியில பாக்கணும்னு தோணவே இல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. வாக்குப்படி சைக்கிளை மறுவாரமே விற்றுவிட்டேன், அவள் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது போனை எடுக்காவிட்டால், வர நேரமானால், "பந்தியில பாருங்க" என்பதுதான் பதில். மருமகன்கூடச் சொல்லப் பழகிவிட்டார். எல்லாரும் சிரிப்பார்கள், மரகதமும் சிரிப்பாள். ஆனால் நான் பால் வாங்கக் கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் தாமதித்தால், பள்ளத்துப் பக்கமாகப் பார்த்துக்கொண்டே எதிரே நடந்து வருகிறாள்.