சீனிக்கு ஒரு மாப்பிள்ளை

"பெண்ணின்ர தாய் தகப்பன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது" என்று விக்னராஜா உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். தொலைபேசியின் மறுபக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரி மார்கரெட் இருந்தார்.

"ஆனா நல்ல குணம். சண்டை சச்சரவு இல்லை. குடுத்ததைச் சாப்பிடும். ஒண்டே கால் மீற்றர் வேலியைச் சும்மா பாயும்."

பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் கலியாணம் பேசத் தொடங்கினால் விக்னராஜாவின் ஆங்கிலம் யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும்.

"பதிவுப் பத்திரம் இருக்கிறதா?" என்று கேட்டார் மார்கரெட்.

"அதுதான் இல்லை."

"பதிவில்லாத பெண்குதிரைகளை என் பிரிகேடியரோடு சேர்ப்பதில்லை. அவனுடைய தாய் எப்பேர்ப்பட்டவள் தெரியுமா? அவள் வென்ற கோப்பைகளை அடுக்க ஒரு அறை போதாது. இவனைக் குட்டியாக வாங்கியபோது அவளை நேரில் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த இரத்தத்தை ஊர் பேர் தெரியாதவளோடு கலக்கச் சொல்கிறீர்களா?"

தொலைபேசி வைக்கப்பட்டது.

சீனி விக்னராஜா வீட்டுக் குதிரை. வீடு ஒஸ்ரேலியாவின் கிளென் வேவர்லியில், சீனி இருப்பது த பேசின் என்ற ஊர்ப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில். ஏழு வருடங்களுக்கு முன்னால், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த ஒருவர், "வைத்துக்கொள்ளுங்கள்" என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பத்திரம் எதுவும் கொடுக்கவில்லை.

அப்போது மகள் ஹம்சாவுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் ஒருவரோடும் ஒரு சொல் பேசமாட்டாள். ஆசிரியை அறிக்கைக்கு மேல் அறிக்கையாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் பின்னேரம் ஹம்சா சீனியின் காதருகே நின்று, அன்று வகுப்பில் நடந்தது முழுவதையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே நின்ற தாட்சாயினி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

இப்போது ஹம்சா பல்கலைக்கழகத்து விவாதக் குழுவில் இருக்கிறாள். அப்பா ஒரு வசனத்தை முடிக்க விடுவதில்லை. அவர் வாய் மூடும்போதெல்லாம் மனதுக்குள் சீனிக்கு நன்றி சொல்லிக்கொள்வார்.

அந்த நன்றிதான் இப்போது அவரைப் பிடித்து ஆட்டியது. சீனிக்கு வயது பதினாறு. "பிள்ளை வேணுமெண்டா இந்த வருஷந்தான். அதுவும் கொஞ்சம் ஆபத்து, யோசிச்சுச் செய்யுங்க" என்று மிருக வைத்தியர் ரினோசா சொல்லியிருந்தார்.

"உங்களுக்கு விசரே?" என்றாள் தாட்சாயினி. "நன்றி எண்டால் ரெண்டு கரட் கூடக் குடுங்கோ. வயசுபோன நேரத்தில அவளைப் பிள்ளைப்பேற்றுக்கு அனுப்புறதோ?"

"எங்களுக்கு ஒரு பிள்ளையைத் திருப்பித் தந்தவள் தாட்சா. அவளுக்கெண்டு ஒரு பிள்ளை இல்லாமல் போறதே?"

"அப்பா, டிட் எனிபடி ஆஸ்க் சீனி?" என்றாள் ஹம்சா.

"உன்னைப் பெறேக்கையும் உன்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

பத்திரம் இல்லாவிட்டால் என்ன, விபரமாக எழுதி அனுப்பினால் மார்கரெட் மனம் மாறும் என்று விக்னராஜா முடிவு செய்தார். மணமகள் குறிப்பு ஒன்று தயாரானது. நிறம்: மாநிறம். உயரம்: நல்ல உயரம். பொழுதுபோக்கு: பாய்தல். கூடவே பக்கவாட்டில் நின்று எடுத்த ஒரு படம்.

குறிப்போடு நின்றிருந்தால் தப்பியிருப்பார். சாதகமும் பார்த்துவிடலாம் என்று, கணினியில் பொருத்தம் பார்க்கும் கோபாலகிருஷ்ணனிடம் போனார். கோபாலகிருஷ்ணன் ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சிக்காரர்.

"பிறந்த தேதி?"

"ஆகஸ்ட் முதலாம் திகதி, சேர்."

"மாப்பிள்ளைக்கு?"

"அவருக்கும் ஆகஸ்ட் முதலாம் திகதி. இஞ்ச எல்லாக் குதிரைக்கும் அண்டைக்குத்தான் பிறந்தநாள் எண்டு வச்சிருக்கினம். மாப்பிள்ளை அஞ்சு வயசு இளையவர்."

"பொண்ணு மூத்தவளா? இந்தக் காலத்துல அதெல்லாம் யார் சார் பாக்கறா." கோபாலகிருஷ்ணன் கணினியைத் தட்டினார். "அடேயப்பா, பத்துக்கு ஒன்பது! யோனிப் பொருத்தம் மட்டுந்தான் இடிக்குது. பொண்ணு பூனை, மாப்பிள்ளை எலி."

"ரெண்டும் குதிரை, சேர்."

"அப்போ அதையும் சேத்துக்கலாம்" என்றார் கோபாலகிருஷ்ணன் பெருந்தன்மையோடு.

குறிப்பும் சாதகமும் ஒரே மின்னஞ்சலில் மார்கரெட்டுக்குப் போயின. கட்டம் கட்டமாக இருந்த சாதகத்தை அவர் ஏதோ வெளிநாட்டு வம்சாவளிப் பட்டியல் என்று நினைத்து, குதிரைப் பதிவுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். நான்காம் நாள் சங்கத்திலிருந்து விக்னராஜாவுக்குக் கடிதம் வந்தது.

"முன்னோராகக் காட்டப்பட்டுள்ள ராகு, கேது என்ற குதிரைகள் எந்த நாட்டில் பதிவானவை? சனி என்ற குதிரை எட்டாம் கட்டத்தில் தனியாக நிற்பது ஏன்?"

அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கை. பதினான்கு நாட்களுக்குள் மரபணுச் சோதனைக்கு மயிர் மாதிரி வராவிட்டால், பொய் வம்சம் காட்டிய குற்றத்துக்காகச் சீனியின் பெயரை இனி எந்தக் காலத்திலும் பதிய முடியாது.

"சனியனை வீட்டுக்குக் கூப்பிட்டு இருத்தியாச்சு" என்றாள் தாட்சாயினி.

மயிர் வேரோடு வேண்டுமாம். சீனியின் பிடரியிலிருந்து இழுத்துப் பிடுங்க விக்னராஜாவுக்கு மனம் வரவில்லை. காருக்குள் கிடந்த பிரஷ்ஷில் கறுப்பாக ஒரு கொத்து மயிர் சிக்கியிருந்தது. சீனியை வாரிவிட்ட பிரஷ்தானே என்று அதை உறையில் போட்டு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தார்.

பதில் சுருக்கமாக இருந்தது. "கிடைத்த மாதிரி மனிதப் பெண்ணுடையது. சாயம் பூசப்பட்டது."

தாட்சாயினி இரண்டு நாள் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள், "பதினெட்டு வருஷமா ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப ஒஸ்ரேலியா முழுக்கத் தெரிஞ்சுபோச்சு" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் ரினோசாவே வந்து, சீனிக்கு ஒரு ஆப்பிளைக் கொடுத்து, இருபது மயிரைப் பட்டென்று பிடுங்கி அனுப்பினார். மார்கரெட்டோ இந்தக் கதையெல்லாம் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கொஞ்சம் இளகியிருந்தார். "சனியைச் சொந்தக்காரனாக வைத்திருக்கும் பெண்ணை நான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை கூட்டி வாருங்கள். சோதனை முடிவு நன்றாக இருந்தால் யோசிக்கலாம்."

சனிக்கிழமை காலை பெண் வீட்டார் போய் இறங்கினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன தாட்சாயினிதான் வெள்ளித் தட்டில் வாழைப்பழமும் கரட்டும் அடுக்கிக் கொண்டுவந்தாள். ரினோசாவும் வந்திருந்தார். அவருடைய தொலைபேசி அடித்தது, அழைத்தது அவருடைய தாய். "உம்மா, குதிரைப் பண்ணைல நிக்கிறேன், பொறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

பிரிகேடியரைக் கொண்டுவந்தார்கள். கறுத்து மினுங்கும் உடம்பு.

"எட்ட நில்லுங்கள், கடிப்பான்" என்று மார்கரெட் எச்சரித்தார். "பெண்குதிரைகளைக் கண்டால் ஆர்ப்பாட்டம் பண்ணுவான்."

பிரிகேடியர் ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. சீனியைப் பார்த்தான், தலையைத் தாழ்த்தினான், பேசாமல் வந்து பக்கத்தில் நின்றான். சீனி அவனுடைய கழுத்தை மெதுவாகக் கொறித்துத் தடவிக்கொடுத்தாள்.

"இவன் இப்படி நின்று நான் பார்த்ததே இல்லை" என்றார் மார்கரெட்.

"பாத்தீரோ தாட்சா! பத்துப் பொருத்தமும்!"

ஹம்சா சீனியின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "அவளுக்கு ஏதாவது நடந்தா, அப்பா?" என்று கேட்டாள். விவாதக் குழுவின் குரல் இல்லை அது. பழைய பதினொரு வயதுக் குரல்.

சீனிக்குப் பிள்ளை வேண்டும் என்று எவ்வளவு ஆசையோ, சீனியை இழந்துவிடுவோமோ என்று அவ்வளவு பயமும் விக்னராஜாவுக்கு இருந்தது. சீனியின் கழுத்தில் கைவைத்துத் தமிழிலேயே பேசினார்.

"சீனி, என்ர பிள்ளையைப் பேசவச்சனி நீ. உனக்கும் ஒரு பிள்ளை இருக்கவேணும் எண்டுதான் இவ்வளவு பாடும். வேற எப்பிடி உனக்கு நன்றி சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

ரினோசாவின் தொலைபேசி இன்னொரு முறை சத்தம் போட்டது. பதிவுச் சங்கத்தின் சோதனை முடிவு. அவர் ஒருமுறை வாசித்தார். பிரிகேடியரை நிமிர்ந்து பார்த்தார். இன்னொருமுறை வாசித்தார்.

"அண்ணன், கலியாணத்த நிப்பாட்டுங்க" என்றார் ரினோசா. "சீனிதான் மாப்பிள்ளைட உம்மா."