மன்னரின் பதக்கமும் ஆட்டே சித்தப்பாவின் சாவும்

"ஞாயித்துக்கிழமைக் கறுப்புக் கோட்டு எதுக்கு? இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்றார் வோப்பே.

"கிரீட்டேக்குப் பிறந்தநாள். சீக்கிரம் கிளம்பு," என்றாள் அவர் மனைவி சீட்ஸ்கே. சொல்லும்போதே அவள் காது சிவந்துவிட்டது.

வோப்பே கழிவறைக்குப் போனார். எங்கள் பக்கம் உறவுக்காரர்களின் பிறந்தநாள் எல்லாம் கழிவறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில்தான் இருக்கும். தினமும் எதிரில் உட்கார்வதால் எதுவும் மறக்காது. கிரீட்டே நவம்பரில் பிறந்தவள். இது ஏப்ரல்.

அப்படியானால்! கலைக்கும் அறிவியலுக்கும் ஏப்ரல்தோறும் மன்னர் கொடுக்கும் பதக்கமாகத்தான் இருக்கவேண்டும். வாங்கப்போகிறவருக்குக் கடைசி நிமிடம்வரை தெரியக்கூடாது. வீட்டார் எதையாவது புளுகித்தான் நகர மண்டபத்துக்கு அழைத்து வரவேண்டும். எங்கள் ஊரான ஃப்ரானேக்கரின் கோபுரத்து மணிகளை முப்பத்தெட்டு வருடமாக, விரல் விறைக்கும் பனியிலும் வாசிக்கிறவர் வோப்பே. ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்தப் பதக்கத்துக்காக ஏங்கி ஏமாந்தவர். யார் தன் பெயரைப் பரிந்துரைத்திருப்பார்கள், பெட்டி என்ன நிறம் என்றெல்லாம் அறிய மனம் துடித்தது. ஆனால் தனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் சீட்ஸ்கே அழுதேவிடுவாள்.

வெளியே வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "கிரீட்டேக்கு நவம்பர்ல இல்ல?"

சீட்ஸ்கே திணறினாள். "பிறந்தநாள்னா சொன்னேன்? அடக்கம். நம்ம ஆட்டே சித்தப்பா போயிட்டாரு."

"ஐயோ, சித்தப்பா!" என்று வோப்பே கண்ணைக் கசக்கினார். பாவம், அவள் பொய்க்கு முட்டுக்கொடுக்கலாமே என்று வாசலுக்குப் போய் பக்கத்து வீட்டு ரிக்ஸ்டிடமும் சொல்லிவைத்தார். நகர மண்டபத்தில் வேலை பார்க்கும் ரிக்ஸ்ட் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அடடா! காலையிலதானே சந்தையில மீன் வாங்கிட்டிருந்தாரு, அண்ணே?"

"திடீர்னுதான்மா."

ரிக்ஸ்ட் உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாக மிதித்துப் போனாள். எதிர்வீட்டுக் கிழவிகள் இருவர் மட்டும் இதைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே கறுப்பு உடுப்புத் தேடப் போனார்கள்.

சீட்ஸ்கே மாடியில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது ஆட்டே சித்தப்பா மீன் பொட்டலத்தோடு சைக்கிளில் வந்து இறங்கினார். எண்பத்துநாலு வயது, நல்ல சிவந்த கன்னம். வோப்பே அவரைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"சத்தம் போடாதீங்க சித்தப்பா. நீங்க செத்துட்டீங்க."

"நான் எப்பப்பா செத்தேன்?"

"பத்து மணி வரைக்கும்தான். அப்புறம் நீங்க எழுந்திருக்கலாம்."

"தாகமாவது தீர்த்துக்கறேன்," என்று கிழவர் ஒரு ஜாடியை எடுத்தார்.

"அதை வைங்க! கால்வாய்த் தண்ணி! பாசி பாக்கறதுக்கு வெச்சிருக்கா."

"உன் பொண்டாட்டி இன்னும் அதை விடலையா?"

"எங்க விட்டா! வெண்ணெய் வைக்கக்கூட இடமில்ல."

அவர்கள் கிளம்பியபோது தெருவில் பாதிப்பேர் கறுப்பில் சைக்கிளோடு நின்றார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பத்து நிமிடத்தில் நகர மண்டபம் பின்னாலேயே வந்த துக்கக்காரர்களால் நிரம்பியது. தன் அடக்கத்தைப் பார்க்காமல் இருக்க மனம் வராத ஆட்டே சித்தப்பா கடைசியாக வந்து முன்வரிசையில் உட்கார, ஒரு கிழவி கூச்சல் போட்டு மயங்கினாள். அவளுக்குத் தண்ணீர் தெளித்தபின்தான் மேயர் பெட்டியைத் திறக்க முடிந்தது.

நீலப் பெட்டி. வோப்பே பாக்கெட்டிலிருந்த நன்றியுரையைத் தொட்டுப்பார்த்துக்கொண்டார்.

"கலைக்கும் அறிவியலுக்குமான மன்னரின் பதக்கம்..."

வோப்பே பாதி எழுந்தார்.

"...நம் கால்வாய்களின் நுண்பாசிகளை முப்பது ஆண்டுகள் ஆராய்ந்து உலகறியச் செய்த சீட்ஸ்கே அவர்களுக்கு!"

வோப்பே எழுந்த அளவுக்கே திரும்ப உட்கார்ந்தார். வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்? திரும்பிப் பார்த்தால் சீட்ஸ்கே வெளுத்துப்போய் அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு! இவருக்குத்தான்!" என்று அவள் ரிக்ஸ்டைப் பார்த்துக் கத்தினாள். "நீதானேடி சொன்னே? அதுக்காகத்தானே மூணு வாரமா நான் தூங்காம, சித்தப்பாவைக்கூடக் கொன்னு..."

ரிக்ஸ்ட் பூங்கொத்தை அவள் கையில் திணித்தாள்.

"பதக்கம் வாங்கறவங்ககிட்டத்தானேக்கா பொய் சொல்லணும்? அண்ணனுக்குன்னு சொல்லலேன்னா நீங்க அந்த ஜாடிங்களை விட்டுட்டு வந்திருப்பீங்களா?"