தற்காலிகப் பட்டியல்

மறதி என்பதையே அறியாத நிறுவனம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில்தான் அவளுடைய கணவர் வேலை பார்த்தார். ஒரு முறை உள்ளே வந்த பெயரை அந்த நிறுவனத்தின் மென்பொருள் வெளியே விட்டதே இல்லை. இவ்வளவு பாசமான மென்பொருளை யாரும் பார்த்திருக்க முடியாது.

அன்று காலை எட்டரை மணிக்கு அவர் வாசலில் நின்று ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"குடை எங்க வச்சே?"

"வெயில் கொளுத்துது. குடை எதுக்கு?"

"மழை வந்துட்டா?"

"வந்தா நனையுங்க. ஒண்ணும் கரைஞ்சிட மாட்டீங்க."

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். குடையை மறக்காமல் எடுத்துப் போனார். சார்ஜில் போட்டிருந்த ஃபோனை மறந்துவிட்டார். மதியம் மூன்று நாற்பதுக்கு அது அலறியபோது அவள் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே பிழை பார்ப்பது அவள் தொழில். அலாரத்தை நிறுத்தினாள். 'ஐயோ, அங்கே மறந்திருப்பாரோ' என்று ஒரு கணம் நினைத்தாள்.

அவர் மறக்கவில்லை. லிஃப்ட் பழுது என்பதால் கணினி அறைக்கு மூன்று மாடி படியேறிப் போய், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தார். மென்பொருள் இரண்டே நிமிடத்தில் எழுந்துகொண்டது. இதை அலுவலகத்தில் எல்லோரும் பிறகு பெருமையாகச் சொன்னார்கள்.

செய்ய வேண்டியது என்ன என்பதைச் சொல்லாவிட்டால் அந்த நிறுவனத்தின் மகிமை விளங்காது.

ஊரிலுள்ள டாக்டர்களிடம் வரிசை எண் வாங்கித் தரும் மென்பொருளை அவர்கள் நடத்தினார்கள். அது ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவாவில் ஒரு வசதி உண்டு: வேண்டாத பொருள்களை எழுதுகிறவரே பெருக்கித் தள்ள வேண்டியதில்லை, அதற்கென்றே உள்ளே ஒரு துப்புரவுக்காரர் சுற்றிக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. யாராவது கையில் பிடித்துக்கொண்டிருக்கும் பொருளை அவர் தொடக் கூடாது.

இதைக் கணவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு விளக்கினார். அவள் தம்பியும் அன்று வந்திருந்தான்.

"இப்ப உன் தம்பி இந்தக் காலி டப்பாவைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கான்னு வை. குப்பைக்காரர் வந்தா எடுப்பாரா?"

"அவன் விட மாட்டான். நல்ல டப்பா."

"அக்கா!" என்றான் தம்பி.

"அதேதான். எங்க புரோகிராம்ல ஒரு லிஸ்ட் இருக்கு. டாக்டரைப் பார்க்க வர்ற ஒவ்வொருத்தர் டோக்கனையும் அதுல போடுறாங்க. பார்த்துட்டு வீட்டுக்குப் போன பிறகும் எடுக்கிறதில்ல. துப்புரவுக்காரர் சுத்திச் சுத்தி வர்றார், எல்லாத்தையும் லிஸ்ட் பிடிச்சு வச்சிருக்கு. நாலு மணிக்கு நினைவகம் ரொம்பிடுது. அவர் ஓடுற ஓட்டத்துல வேற வேலையே நடக்காது. பொத்துனு விழுந்துடும்."

"அந்த லிஸ்ட்டுக்குப் பேர் ஏதாவது உண்டா மாமா?"

"இருக்கே. தற்காலிகப் பட்டியல்."

நினைவகம் முழுவதையும் படம் பிடித்தாற்போல ஒரு கோப்பில் இறக்கி, அவர் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தது அது. பத்தில் ஒன்பது பங்கு இடத்தை அந்த ஒரு பட்டியல் அடைத்திருந்தது. முடிந்த டோக்கனை நீக்க ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரே வரி.

அதை அவர் கூட்டத்தில் சொன்னார். அவருடைய மேலாளர் எந்தப் பேச்சையும் 'ஸ்டெபிலிட்டி' என்ற சொல்லில்தான் முடிப்பார் என்பதால், வீட்டில் அவருக்கு அதுவே பெயர்.

"நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்குத் தொடணும்?" என்றார் ஸ்டெபிலிட்டி.

"ஓடலையே சார். தினமும் விழுதே."

"விழுறது எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு."

"என்னைக்காவது அஞ்சு மணிக்கு விழுந்திருக்கா?"

"இல்ல சார்."

"பார்த்தீங்களா, அதுக்குப் பேர்தான் ஸ்டெபிலிட்டி."

உண்மையில் ஆதியில் அது பகல் பன்னிரண்டுக்கே விழுந்துகொண்டிருந்தது. நினைவகத்தைக் கூட்டியதில் நாலு மணிக்குத் தள்ளிப்போனது. இந்த நான்கு மணி நேர 'வளர்ச்சி'க்காக நிறுவனம் கேக் வெட்டியது.

விழுவதற்கு முன்னால் நாமே நிறுத்தித் திரும்ப எழுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. தினமும் மூன்று நாற்பதுக்கு. ஒரு இளம் பொறியாளர், இதைத் தானாக நடக்கும்படி வைத்துவிடலாமே என்று கேட்டுவிட்டார். அவருக்கு ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். தானாக நின்றால் ஒப்பந்தப்படி அது 'கோளாறு'. பொறுப்பான மனிதர் ஒருவர் நிறுத்தினால் அது 'திட்டமிட்ட பராமரிப்பு'. ஆகவே பொறுப்பான மனிதர் ஒருவர் வேண்டும். பட்டியலைக் கண்டுபிடித்தவரைவிடப் பொறுப்பானவர் யார்? குறிப்பேட்டில் பதிந்தார்கள்: 'இது தற்காலிக ஏற்பாடு.' அன்று மாலை அவர் தன் ஃபோனில் அலாரம் வைத்தார்.

ஆறு வருடம் ஓடியது. அவரையும் தற்காலிக ஊழியராகத்தான் எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் 'தற்காலிகம்' என்று பெயர் வைத்தது எதுவும் அசைந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஐந்தாம் வருடம் அவருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதய மருத்துவர் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் பார்ப்பார். கணவர் தன் நிறுவனம் நடத்தும் அதே மென்பொருளில் வரிசை எண் போட்டார். விடுப்பு கேட்டார். ஏழு முறை கேட்டார். ஏழு முறையும் ஒரே பதில்தான்: 'மூன்று நாற்பது பணிக்கு மாற்று ஆள் இல்லை, தற்காலிக ஊழியருக்கு மாற்று ஆள் நியமிக்க விதி இல்லை.'

"விட்டுட்டுப் போங்களேன். ஒருநாள் விழட்டும்," என்றாள் அவள்.

"நாலு மணிக்கு விழுந்தா க்ளினிக்ல உக்காந்திருக்கிறவங்க நெலமை? யார் அடுத்ததுன்னே தெரியாது. சண்டை வந்துடும். எல்லாம் நோயாளிங்க."

அவள் எட்டாவது எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். அது குடை எடுத்துப் போன நாளுக்கு அடுத்த வியாழக்கிழமைக்கு.

அவர் நாற்காலியில் சாய்ந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு மதியம் ஸ்டெபிலிட்டி வீட்டுக்கு வந்தார். கூடவே மனிதவளத் துறையிலிருந்து ஒரு அம்மாள். தம்பி நாற்காலி எடுத்துப் போட்டான். இருவரும் தண்ணீர் குடித்தார்கள். சோகமாக இருந்தார்கள். பிறகு மனிதவளம் பையிலிருந்து காகிதங்களை எடுத்தார்.

"ஒண்ணுமில்ல மேடம். சின்ன ஃபார்மாலிட்டி. அடுத்த நாள் சிஸ்டம் விழுந்துடுச்சு. ஆறு வருஷத்துல முதல் தடவை. க்ளினிக் எல்லாம் விளக்கம் கேக்குறாங்க. குடும்பத்துல ஒருத்தர் படிச்சுப் பார்த்து ஒரு கையெழுத்து."

அவள் படித்தாள். படிப்பதுதானே அவள் தொழில். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்: 'கோளாறின் மூல காரணம்.' அதற்கு எதிரே: 'பொறுப்பாளர் பணிக்கு வராதது.'

அவள் அதை இரண்டாம் முறையும் படித்தாள்.

"அவர் எறந்துட்டார்," என்றாள்.

"ஆமா மேடம். ஆனா அந்தக் கட்டத்துல அதுக்கு ஆப்ஷன் இல்ல," என்றார் மனிதவளம், உண்மையான வருத்தத்தோடு.

"இதை மாத்துங்க. கையெழுத்துப் போடுறேன். அவரால விழுந்துச்சுன்னு ஊரெல்லாம் படிக்கிறதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

ஸ்டெபிலிட்டி தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது அவருக்குப் பெருமைதான். அவர் இல்லைன்னா எதுவுமே நிக்காதுன்னு அர்த்தம். மூணு நாற்பது பணிக்கு அவர் பேரையே வைக்கிறதா இருக்கோம். வருஷா வருஷம் ஒரு கேடயம்கூட..."

"காரணம் அந்தப் பட்டியல். அவர் சொன்னாரே. ஒரு வரி."

அவள் எழுந்து போய், மெய்ப்புத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். தம்பி டப்பாவோடு உட்கார்ந்திருந்த அன்றைக்கு அவர் அதன் பின்பக்கத்தில் கிறுக்கிக் காட்டிய வரி அதில் இருந்தது. ஸ்டெபிலிட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக. "ஆனா ஏத்துக்க முடியாதே மேடம்."

"ஏன்?"

"ஊழியர் எழுதின வரியைத்தான் சேர்க்கலாம். அவர் இப்ப ஊழியர் பட்டியல்லயே இல்ல."

"எப்ப எடுத்தீங்க?"

மனிதவளத்தின் முகம் அந்த வீட்டுக்குள் வந்த பிறகு முதல் முறையாக மலர்ந்தது. "அன்னைக்கே மேடம். ஆஸ்பத்திரியிலேர்ந்து தகவல் வந்ததும் நான் ஒரு டிக் போட்டேன். அவ்ளோதான். அஞ்சு மணிக்குள்ள எல்லா இடத்துலேர்ந்தும் பேர் போயிடுச்சு. லாகின், ஐடி கார்டு, மெயில், எல்லாம். யாரும் தொடவே வேண்டாம். தானா நடக்கும்."

அவள் காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நீக்குறதுக்கு வரி எழுதத் தெரிஞ்சவங்க உங்ககிட்ட இருந்திருக்காங்க," என்றாள் அவள்.

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'பொறுப்பாளர் பணிக்கு வராதது' என்பதன் மேல் கோடிழுத்து, கோட்டின் நுனியைச் சுழித்து நீக்கல் குறி போட்டாள். ஓரத்தில் கணவரின் வரியை, ஒரு புள்ளி விடாமல், பார்த்து எழுதினாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

மனிதவளம் அதை வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, அலமாரியில் இருந்த கணவரின் ஃபோன் அலறியது. ஸ்டெபிலிட்டி தூக்கிவாரிப்போட்டாற்போல எழுந்தார்.

"மணி மூணு நாற்பதா? அங்க யாரு இருக்கா?" தன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மனிதவளமும் காகிதங்களை அள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார். தெருவிலிருந்து ஸ்டெபிலிட்டியின் குரல் கேட்டது: "அழுத்திட்டியா? அழுத்திட்டியாப்பா?"

அறிக்கை பரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. திருத்தம் நல்ல திருத்தம் என்றும், உரிய காலத்தில் கவனிக்கப்படும் என்றும், அதுவரை பழைய ஏற்பாடே தொடரும் என்றும் அதில் இருந்தது.

"அந்த அலாரத்தை எடுத்துடவா அக்கா?" என்று தம்பி கேட்டான். ஃபோனை அவளிடம் காட்டினான். ஆறு வருடத்துக்கு முன் அவர் அலாரத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். அது இன்னும் திரையில் அப்படியே இருக்கிறது: தற்காலிகம்.