இரவு ஏழு முதல் காலை ஐந்து வரை ஒரு நாப்பி

கோர் ஊருக்கு வெளியே,
ஆகஸ்ட் மாதக் கடுங்குளிரில், வியாழக்கிழமை காலை.

மரியாதைக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய நைரி அத்தை அவர்களுக்கு,

மாப்பிள்ளை டங்கன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மகள் வைமரி, உங்கள் பேத்தி மாஹினா மூவரும் சுகம். இன்று காலை நிலவரப்படி மூவரும் உலர்ந்தும் இருக்கிறோம். டனீடனில் உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் காது மந்தமும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீங்கள் முடிவே சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுத் திட்டவும்.

சொல்ல வந்தது இதுதான்: அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு எடுத்திருக்கிற டிக்கெட்டை நீங்கள் ரத்து செய்துவிடலாம். தவறாக நினைக்க வேண்டாம். போன முறை நீங்கள் வந்து தங்கிய பதினோரு நாளும் எங்களுக்குப் பொன்னான நாட்கள்தான். என் நாற்காலி வராந்தாவுக்குப் போனது ஒன்றுதான் குறை, அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. விஷயம் என்னவென்றால், நீங்கள் எதற்காக வருவதாகச் சொன்னீர்களோ அந்தக் காரியம், அதாவது வைமரியை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவைப்பது, முடிந்துவிட்டது. உங்களுக்கே தெரியும், கன்று போடும் காலம் வந்து பண்ணைகளில் எல்லாம் கறவை தொடங்கிவிட்டது, பால் டாங்கர் லாரி ஓட்ட ஆள் போதவில்லை என்று பால் கம்பெனியிலிருந்து இரண்டு முறை வைமரியைக் கூப்பிட்டுவிட்டார்கள், நீங்கள் வருவதாக இருந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு அவள் வண்டியில் ஏற வேண்டும். அந்த வண்டி என்றால் அவளுக்கு உயிர். பிரசவ வலி எடுத்தபோதுகூட, நான் கியர் மாற்றுகிற விதம் பிடிக்காமல், ஆஸ்பத்திரி வரை அவளேதான் காரை ஓட்டினாள். ஆனால் ஐந்து மாதமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்காமல், உறைபனி படிந்த ரோட்டில் நாற்பது டன் வண்டியைத் தொட மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். "திங்கக்கிழமைக்கு முன்னாடி ஒரே ஒரு ராத்திரி, யாரும் எழுப்பாம நான் தூங்கிட்டேன்னா போறேன். இல்லேன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிடறேன்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ராத்திரிய நான் தர்றேன், பாரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எழுப்புவது யார் என்று பார்த்தால் பசி இல்லை, பல் இல்லை, ஈரம்தான். கடையில் விற்கிற நாப்பியைப் போட்டால் மாஹினாவின் தொடை செக்கச்செவேலென்று தடித்துவிடுகிறது, ஆகவே ராத்திரியும் துணி நாப்பிதான், அதில் மாற்றமில்லை. முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து நான் கம்பளி வெட்டும் கூட்டத்தோடு போவதில்லை என்பதால் பகலெல்லாம் குழந்தை என் பொறுப்பு. பதினாறு வருஷம் செம்மறி ஆடுகளைக் குனிந்து பிடித்தவனுக்கு ஒரு குழந்தையைப் பிடிப்பது பெரிய விஷயமா என்று இறங்கினேன். ஆடும் உதைக்கும், ஆனால் உதைத்துவிட்டு முகத்தைப் பார்த்துச் சிரிக்காது. முதல் ராத்திரி நீங்கள் தைத்து அனுப்பிய சதுரத் துணியில் ஒன்றை மடித்துக் கட்டினேன், பதினோரு மணிக்கு நனைந்தது. இரண்டாம் ராத்திரி இரண்டு, ஒன்றரை மணிக்கு நனைந்தது. அப்படியானால் கணக்குத் தெளிவாகத்தானே இருக்கிறது என்று மூன்றாம் ராத்திரி நான்கு துணியும் நடுவில் ஒரு கைத்துண்டும் வைத்துக் கட்டினேன். அத்தை, குழந்தையைப் படுக்க வைத்தால் இடுப்பு மேலேயும் தலை கீழேயும் நிற்கிறது, கால் இரண்டும் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி விரிந்து நிற்கிறது, புரளப் பார்த்தவள் பாதியில் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கத்தினாள். வைமரி எழுந்து வந்து பார்த்துவிட்டு, "என்ன பண்ணி வெச்சிருக்க? எம்பொண்ணு எங்க? துணி மூட்டைதான் இருக்கு" என்றாள். அன்று யாரும் தூங்கவில்லை.

நான்காம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை நல்ல யோசனை, அதை இப்போதும் சொல்வேன். நாப்பிக்கு மேலே போடுகிற கம்பளிக் கால்சட்டை இருக்கிறதே, அதை லனோலின் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் ஈரம் வெளியே வராது என்று வைமரி சொல்லியிருந்தாள். லனோலின் என்றால் என்ன? ஆட்டு மயிரில் இருக்கும் பிசுக்கு. பதினாறு வருஷம் என் கையிலும் பூட்ஸிலும் சாப்பாட்டிலும் இருந்தது. அதைப்பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஒரு டப்பா முழுக்க வாளியில் கரைத்தேன். கம்பளியைப் போட்டேன். வாளியில் இன்னும் இடம் இருந்தது. நல்ல பொருள், வீணாவானேன் என்று உள்ளே கட்டுகிற பருத்தித் துணி இருபத்திரண்டையும் சேர்த்தே போட்டு ஊறவைத்துக் காயவைத்து, அன்று ராத்திரி ஒன்றைக் கட்டிவிட்டு, தொட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு மெதுவாகக் கையை விட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது! என்னை அறியாமல், "காஞ்சிருக்கு! வைமரி, காஞ்சிருக்கு!" என்று கத்திவிட்டேன். அவள் விளக்கைப் போட்டாள். நாப்பி காய்ந்துதான் இருந்தது. அது மட்டும்தான் காய்ந்திருந்தது. குழந்தையின் சட்டை கழுத்துவரை, விரிப்பு, மெத்தை, நான் மடியில் வைத்திருந்த போர்வையின் நுனி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. "நாப்பி காஞ்சிருக்கு, சரி. அப்ப இந்தக் குளம் யாரோடது?" என்றாள் வைமரி. குடிக்க வேண்டிய துணிக்கு நான் குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன். மறுநாள் குழாயடியில் பிடித்துப் பார்த்தோம், மழைக்கோட்டில் விழுந்த மாதிரி தண்ணீர் உருண்டு ஓடுகிறது.

அந்தப் பிசுக்கு போக வேண்டுமென்றால் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். இருபத்திரண்டு துணி கொள்கிற சட்டி வீட்டில் ஒன்றுதான் உண்டு. கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்தது, பன்றி எலும்பும் கீரையும் வேகவைப்பது. இதை மறைத்து எழுதலாம் என்று பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு யோசித்தேன், ஆனால் வைமரி எப்படியும் சொல்லிவிடுவாள். மூன்று தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்தேன், சட்டியை ஐந்து தண்ணீரில் தேய்த்தேன், சோப்பு வாசம் அநேகமாகப் போய்விட்டது. வெளியே கொடியில் காயப்போட்டால் காலையில் இருபத்திரண்டும் பனியில் உறைந்து விறைத்து நின்றன. கழற்றினால் மடங்க மாட்டேன் என்கின்றன, தகரக் கூரையைத் தூக்குகிற மாதிரி அடுக்கி அணைத்துக்கொண்டு கதவில் நுழைய முடியாமல் நின்றேன். பக்கத்துப் பண்ணை பெவன் வேலிக்கு அந்தப் பக்கம் டிராக்டரை நிறுத்திவிட்டு, "என்னப்பா டங்கன், கருவாட்டு யாவாரமா? எனக்கு ரெண்டு எடுத்து வை" என்று சிரிக்கிறான். வயதில் பெரியவர், ஆனாலும் அவன் என்றுதான் வருகிறது, மன்னிக்கவும்.

அவன் சிரித்ததற்கு அன்று மத்தியானமே பலன் கிடைத்தது, ஆனால் அது நான் செய்ததில்லை. ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவனிடம், நீங்கள் வாளியில் உப்புக்கண்டம் போட்டு அனுப்பிய டீட்டிக் கடற்பறவையில் இரண்டு கொடுக்கலாமே என்று நல்லெண்ணத்தில், குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே உள்ளேயிருந்து, "பின்பக்கம் வெள்ளை வாளி இருக்கு, மூடியத் தொறந்து ரெண்டு எடுத்துக்கங்க" என்று குரல் கொடுத்தேன். பின்பக்கம் வெள்ளை வாளி இரண்டு இருந்தது. போன வருஷத்துப் பறவை வாளியைக் கழுவி நான்தான் அழுக்கு நாப்பி ஊறவைக்க எடுத்திருந்தேன். மூடியும் அதே மூடி. மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பெவன் ஜன்னலருகே வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "டங்கா, ஒங்க மாமியார் மனசு நோகக் கூடாது, ஆனா இந்தத் தடவ பறவ கெட்டுப்போச்சுப்பா" என்றான். ஊரில் இப்போது உங்கள் பறவையைப்பற்றிப் பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. நான் போகிற இடத்திலெல்லாம் திருத்திச் சொல்லிக்கொண்டுதான் வருகிறேன்.

இதற்கு நடுவே கம்பளிக் கால்சட்டையும் நான் ஊற்றிய கொதிநீரில் சுருங்கி ஒரு பொம்மைக்குத்தான் ஆகும் என்றாகிவிட்டது. புதிதாக ஒன்று வெட்டித் தைக்க ஒரு கம்பளி வேண்டும், கனமானது, நெருக்கிப் பின்னியது. அத்தை, சத்தியமாகச் சொல்கிறேன், பீரோ முழுக்கத் தேடினேன். நீங்கள் எனக்குப் பின்னிக்கொடுத்த பச்சை ஸ்வெட்டர் அளவுக்குக் கனமானது இந்த வீட்டில் வேறு இல்லை. அதன் இரண்டு கைகளையும் வெட்டி, தோள்பட்டைப் பக்கம் சேர்த்துத் தைத்தால், குழந்தைக்கு இரண்டு கால். ஒரு கை மற்றதைவிட நீளம் என்பதை நான் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை, மாஹினாவும் அதைப்பற்றிக் குறை சொல்லவில்லை. கம்பளியை மட்டும், கம்பளியை மட்டுமே, லனோலினில் ஊறவைத்தேன். பிசுக்குப் போன துணி இரண்டு, நடுவில் ஈரம் குடிக்கிற மிருதுவான சணல் துணி ஒரு பட்டை, நனைகிற இடத்தில் கனம் வருகிற மாதிரி மடிப்பு, மேலே உங்கள் பச்சைக் கம்பளி. நேற்று ஏழு மணிக்குக் கட்டிப் படுக்கவைத்தேன். நானும் கட்டிலில் ஒரு கண்ணை மூடாமல் படுத்திருந்தேன், ஒரு சத்தம் இல்லை. விழித்துப் பார்த்தால் மணி ஐந்து. பேத்தி தொட்டிலில் தன் கால் கட்டைவிரலோடு பேசிக்கொண்டிருக்கிறாள். கம்பளி உலர்ந்திருக்கிறது. விரிப்பு உலர்ந்திருக்கிறது. சட்டை உலர்ந்திருக்கிறது. பக்கத்தில் உங்கள் மகள் வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்குகிறாள். கிட்டத்தட்ட ஐந்து மாதத்துக்குப் பிறகு அவளை அப்படிப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுப்பாமல் கஞ்சி வைத்தேன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் ஒரு ஆட்டமும் ஆடினேன், முதுகு பிடித்துக்கொண்டது, பரவாயில்லை. ஏழு மணிக்கு எழுந்து வந்தவளிடம், "பாத்தியா? குடுத்தேனா இல்லையா?" என்றேன். "குடுத்த" என்று சொல்லி என் தலையைக் கோதினாள். நான் சந்தோஷமாக இருக்கிறேன் அத்தை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஆகையால் நீங்கள் இந்தக் குளிரில் முழங்காலை வைத்துக்கொண்டு மூன்று மணிநேரம் பஸ்ஸில் சிரமப்பட வேண்டாம். வெயில் வந்ததும், அதாவது டிசம்பர் வாக்கில், குடும்பத்தோடு நாங்களே வந்து பார்க்கிறோம். மாமாவுக்கு என் அன்பைக் கொஞ்சம் உரக்கச் சொல்லவும். உங்கள் முழங்கால் ஆறவும், கொடியில் போட்ட துணியெல்லாம் காயவும், எங்கள்மேல் உங்கள் கோபம் அதைவிடச் சீக்கிரம் காயவும் வேண்டிக்கொண்டு முடிக்கும்,

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மாப்பிள்ளை,
டங்கன்.

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்க வைமரியிடம் கொடுத்தேன். முதலில் சிரித்துக்கொண்டுதான் படித்தாள். கம்பளி உலர்ந்திருந்த இடம் வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அம்மாவுக்குப் பொய் போகக் கூடாது" என்றாள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை கழுத்துவரை நனைந்து கத்தியிருக்கிறது. இவள் எழுந்து, எல்லாவற்றையும் மாற்றி, விரிப்பை மாற்றி, கம்பளியை அடுப்பருகில் காயவைத்து, திரும்பப் போட்டு, பால் கொடுத்து, நான்கு மணிக்குத்தான் படுத்திருக்கிறாள். "என்னை ஏன் எழுப்பல?" என்றேன். "எழுப்பினேன். நீ 'ஆட்டைப் புடி'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்ட. பத்து நாளா நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? தூங்கட்டும்னு விட்டுட்டேன். காலைல உம்மூஞ்சியப் பாத்தப்புறம் சொல்ல வாய் வரல" என்றாள். அவளுக்கு என்று நான் வாக்குக் கொடுத்த ராத்திரியை, அத்தை, நானே தூங்கித் தீர்த்துவிட்டேன்.

கம்பெனிக்கு இன்னும் அவள் பதில் சொல்லவில்லை. என்னை எழுப்பக் கடிகாரத்தில் அலாரம் வைத்தால் முதலில் எழுவது அவள்தான். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் நிற்கிற இடத்தில் குழந்தையோடு நிற்கிறேன். நாற்காலியை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். நாப்பியை நானே மாற்றுவேன், அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். இரண்டு மணிக்கு வந்து, சத்தம் போடாமல், என்னை நன்றாக ஒரு கிள்ளு கிள்ளினால் போதும். வைமரி தூங்கட்டும்.